குறிவிளக்கம்

முதல் நாளே மை வேண்டாம் என்றுவிட்டாள் நொமிங்கெரெல்.
உலான்பாத்தரின் வடக்கு மேட்டில் நவம்பரில்
பேனா உறைந்துபோகும், பென்சில் உறையாது.
வார்டு அலுவலர் பயிற்சியில் நாங்கள் ஒன்பது பேர்.
எங்களுக்கு வகுப்பெடுத்தவள்
என்னைவிடப் பதினேழு வயது சின்னவள்.
நானோ அதுவரை பேருந்தில் சீட்டுக் கிழித்தவள்;
ஊர் என்றால் எனக்கு நிறுத்தங்களின் பெயர்கள்,
இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே
யார் இருக்கிறார்கள் என்று கேட்டதில்லை.

முதல் பாடம் நடப்பது.
நூறு மீட்டருக்கு என் கால் நூற்று நாற்பத்தெட்டு அடி.
பனியில் நூற்று எழுபது.
நாய் துரத்தினால் கணக்கே இல்லை,
திரும்பப் போய் முதலிலிருந்து.

அப்புறம் அளவுகோல்.
இரண்டாயிரத்தில் ஒன்று என்றால்
அரை மில்லிமீட்டர்க் கோடு
நிலத்தில் ஒரு மீட்டர்.
மொக்கைப் பென்சிலோடு வந்த சுக்பாத்
பாதை போட்ட இடத்தில்
ஒரு வேலியும் ஒரு கழிப்பறையும்
கோட்டுக்குள்ளேயே காணாமல் போயின.
சீவிக்கொண்டு வா என்றாள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு மஞ்சள், கடைக்குச் சிவப்பு,
பள்ளிக்கு நீலம், பூங்காவுக்குப் பச்சை.
மஞ்சள் கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்துவிட்டது.
பச்சை, வாங்கியபோது இருந்த நீளத்திலேயே இருக்கிறது.

வேலி வேலியாகப் போய்க் கதவைத் தட்டினேன்.
எத்தனை பேர், என்ன அடுப்பு,
தண்ணீர் எங்கிருந்து, குப்பை எங்கே.
துல்மா என்பவள் சறுக்குவண்டியில்
இருபது லிட்டர் கேன் மூன்றைக் கட்டிக்கொண்டே
பதில் சொன்னாள்:
எழுதிக்கொள், வரிசையில் ஒன்றரை மணி நேரம்.
படிவத்தில் மணி நேரத்துக்குக் கட்டமில்லை.
ஓரத்தில் எழுதினேன்.

மரவீட்டுக்குச் சதுரம் போட்டேன்.
கம்பளிக் கூடாரம் வட்டமாய் இருக்கிறது,
வட்டம் போட்டேன்.
இதில் யோசிக்க என்ன இருக்கிறது?
இருநூற்று ஆறு சின்ன வட்டங்கள்,
பாத்திரத்தில் கொட்டிய தினை மாதிரி.

பத்து நாளில் மைய அலுவலகத்திலிருந்து
அட்டவணை திரும்பி வந்தது.
பகுதி பதினான்கு. வீடுகள் அறுபத்தொன்று.
கிணறுகள் இருநூற்று ஆறு.
தண்ணீர்: தேவைக்கு மேல்.
இரண்டாவது தண்ணீர்க் குடில்: தேவையில்லை.

அவர்கள் புத்தகத்தில் சின்ன வட்டம் என்றால் கிணறு.
நொமிங்கெரெல் சிரித்தாள்,
பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டாள்.
நான் சிரிக்கவில்லை.
ஒன்றரை மணி நேர வரிசையை
என் கையாலேயே கிணற்றில் போட்டிருக்கிறேன்.

தாளின் கீழ்மூலையில் ஒரு பெட்டி உண்டு,
குறிவிளக்கம்.
கடைசியில் நிரப்பினால் போதும் என்று விட்டிருந்தேன்.
முதலில் எழுத வேண்டியது அதுதானாம்,
ஊரைத் தொடுவதற்கு முன்னால்.

அன்றிரவு புதுக்குறி ஒன்று செய்தோம்:
வட்டம், தெற்கே ஒரு சிறு வெட்டு.
இங்கே எல்லாக் கூடாரக் கதவும் தெற்குதான் பார்க்கும்.
இருநூற்று ஆறு கதவுகளைத் திறந்தேன்,
நான்கு முறை பென்சில் சீவி.

காலையில் சரிபார்க்கப் போனால்
நூற்றுப் பதினேழாம் கூடாரம் அங்கே இல்லை.
சாலை வரப்போகிறதென்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்;
ராத்திரியோடு ராத்திரியாய்
நான்கு பேர் சேர்ந்து பிரித்து
வேலியின் மறுகோடியில் நட்டுவிட்டார்கள்.
புகைப்போக்கியில் புகைகூட வந்துகொண்டிருந்தது.
பழைய இடத்தில், வெள்ளைப் பனிக்கு நடுவில்
உலர்ந்த மண் ஒரு வட்டம்,
நான் போட்டதைவிட நேர்த்தியாய்.

இதற்கு என்ன குறி என்று கேட்டேன்.
புத்தகத்தைப் புரட்டினாள்.
பனி விழ ஆரம்பித்திருந்தது,
சாயங்காலத்துக்குள் அதுவும் மூடிவிடும்.
படிவம் வியாழக்கிழமை போக வேண்டும்.
அழிக்க வசதியாக
ரொம்ப லேசாக
அதையும் போட்டுவைத்தேன்.